பூட்டிய பொறியும் திறந்த ஏடும்



முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். அறிவியலாசிரியர் விடுப்பில் சென்றிருந்த ஒரு நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீராவிப் பொறியைப் பற்றிப் பாடஞ் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்து வாய்த்தது. என் இளமையில் நான் கேட்ட கதையையே எடுத்து விரித்தேன். அடுப்பின்மேல் ஒரு கெண்டி கொதித்தது. அதன் மூடியை ஆவி தூக்கித் தூக்கிப் போட்டது. அதனை ஒரு சிறுவன் இமை கொட்டாமல் பார்த்திருந்தான். அவனே வளர்ந்து சேம்சு வாட்டு என்னும் பேரறிஞனாகி நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தான் என்று முடித்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தனர்.

அப்போது பின்வரிசையிலிருந்து கொல்லர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்தான். "ஐயா, எண்ணம் அவருக்குத் தோன்றிற்று, சரி. அவ்வளவு பெரிய இரும்புருளையை அவருக்கு யாருங்க ஐயா செய்து கொடுத்தது?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாமல் நின்றேன். அன்று மாலை தொடங்கிப் பல நாள் நூல்களைத் துருவினேன். துருவத் துருவ, அந்தப் பிள்ளை கேட்டது உருளையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, அறிவு யாருடையது என்னும் கேள்வி என்பது எனக்கு விளங்கிற்று. அதற்கு நான் கண்ட விடையை இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கெண்டிக் கதையை எடுத்துக் கொள்வோம். அது வரலாற்றளவிலும் பொய், அறிவியலளவிலும் பொய். வாட்டு பிறந்தது 1736இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712இல், இங்கிலாந்தில் தட்லிக் கோட்டையின் அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவிப் பொறி நீரிறைத்துக் கொண்டிருந்தது. அதனைச் செய்தவர் தாமசு நியூகோமென். தார்ட்டுமவுத்து என்னும் துறைமுக ஊரில் இரும்புப் பொருள் விற்ற வாணிகர். அவருக்குத் துணை நின்றவர் சான் காலி என்னும் கைவினைஞர். பல்கலைக்கழகத்தின் நிழலில் ஒதுங்காத இவ்விருவர் கையிலேதான் ஆவி முதன்முதலாக உழைக்கக் கற்றது.

அந்தப் பொறி எப்படி இயங்கிற்று? நம் சிற்றூர்க் கிணற்றடியில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்க்கு அதனை விளக்குவது எளிது. நடுவில் தாங்கப்பட்ட ஒரு பெருந்துலா. அதன் ஒரு முனையில் சுரங்கத்துள் இறங்கும் எக்கியின் தண்டு. மறுமுனையில் ஓர் உருளைக்குள் ஏறி இறங்கும் உந்துதண்டு. கொதிகலனிலிருந்து ஆவி உருளைக்குள் புகும். எக்கித்தண்டின் எடையால் துலாவின் மறுமுனை தாழ, உந்துதண்டு மேலே வரும். உடனே உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவர். ஆவி நீராகச் சுருங்கும். உருளைக்குள் வெறுமை தோன்றும். அப்போது மேலிருக்கும் காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். துலாவின் மறுமுனை எழும். நீர் மேலே வரும். ஆகவே அங்கே பளுவைத் தூக்கியது நீராவியன்று. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்று. கெண்டி மூடியை ஆவி தூக்குவது வேறு, ஆவி குளிர்ந்து விட்ட வெறுமையில் காற்று அழுத்துவது வேறு. கெண்டிக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பொறி பிள்ளைகளுக்கு விளங்காது.

காற்றுக்கு எடை உண்டென்று காட்டியவர் யார்? இத்தாலியரான தொரிச்செல்லி, 1643இல். வெறுமையின் ஆற்றலைப் பலரறியக் காட்டியவர் யார்? செருமானியரான கெரிக்கே, காற்றை வெளியேற்றிய இரண்டு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க இயலவில்லை என்று மெய்ப்பித்தவர் அவர். உருளையும் உந்துதண்டும் வைத்து, ஆவியைக் குளிர்வித்து வெறுமை உண்டாக்கலாம் என்று 1690இல் காட்டியவர் யார்? சமயக் கொடுமையால் தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாமற் போன பிரெஞ்சுக்காரர் தெனி பாப்பின். இத்தனை பேர் எண்ணமும் இரண்டு கைவினைஞர் உழைப்பும் ஒன்றுகூடியே ஒரு பொறி பிறந்தது. ஒரு கெண்டியும் ஒரு சிறுவனுமா இதற்குப் போதும்?

வாட்டின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்யும் தொழிலாளியாக இருந்த அவரிடம், பழுதுபட்ட ஒரு சிற்றுருவ நியூகோமென் பொறி வந்து சேர்ந்தது. அதனைச் செப்பனிடும்போது, ஒவ்வொரு வீச்சிலும் உருளையைச் சூடாக்குவதும் குளிர்விப்பதுமாக இருப்பதால் ஆவியின் பெரும்பகுதி வீணாவதை அவர் அளந்து கண்டார். 1765இல் அவருக்கு வழி புலப்பட்டது: உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும்; ஆவியை வேறொரு கலத்துக்குள் இழுத்து அங்கே குளிர்விக்கலாம். அந்தத் தனிக் குளிர்கலனே வாட்டின் கண்டுபிடிப்பு. எளிய எண்ணம், ஆயினும் அதற்கு முந்தைய ஐம்பதாண்டுகளில் எவருக்கும் தோன்றாத எண்ணம். நிலக்கரிச் செலவை அது பெரிதுங் குறைத்தது. இதற்காக அவரை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆனால் எண்ணம் பிறந்து பத்தாண்டுகள் ஆகியும் பெரும்பொறி ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை. ஏன்? ஆவி கசியாத உருளையை எவராலும் செய்ய இயலவில்லை. அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சான் வில்கின்சன் என்னும் இரும்பாலைக்காரர். பீரங்கிக் குழாயைக் குடைவதற்கு 1774இல் அவர் புதுமுறை ஒன்று கண்டார். அந்தத் திறத்தை வைத்தே உருளையின் உட்புறத்தையும் ஒழுங்காகக் குடைந்து கொடுத்தார். ஒரு பெரிய உருளை ஒரு காசின் தடிப்பளவேனும் பிறழவில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்தியூ போல்டன் வியந்து எழுதினார். 1776இல் வாட்டின் பொறி வேலைக்கு வந்தது. என் மாணவனே! நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். உருளையைச் செய்து கொடுத்தவர் உன்னைப் போன்ற உலைக்களத்துக்காரர்.

இனி, இந்த வரலாற்றின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 1769இல் வாட்டு தம் குளிர்கலனுக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமையின் இயல்பான காலம் பதினான்கு ஆண்டுகள். அது போதாதென்று 1775இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் ஒன்று நிறைவேறி, அவ்வுரிமை 1800ஆம் ஆண்டுவரை நீண்டது. அதாவது ஓர் அறிவு முப்பத்தோராண்டுக் காலம் ஒரு வீட்டின் பெட்டிக்குள் பூட்டப்பட்டது.

அந்தப் பூட்டு எவரை வருத்திற்று? இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் என்னும் நிலப்பகுதியை வருத்திற்று. அங்கே மண்ணுக்கடியில் செம்பும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. கரியைக் கடல் வழியே வேல்சு நாட்டிலிருந்து கொணர வேண்டும். சுரங்கம் ஆழ ஆழ ஊற்று பெருகும். நீரை இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். இறைத்தாலோ கரிச்செலவு வருவாயை விழுங்கும். 1777இல் வாட்டின் பொறி அங்கே வந்தபோது மக்கள் அதனை வரவேற்றனர். பழைய பொறியோடு ஒப்பிடுகையில் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றிலொரு பங்கைப் போல்டன்–வாட்டு கூட்டகத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். பொறி எத்தனை முறை வீசிற்று என்பதை எண்ணுவதற்குத் துலாவில் ஓர் எண்ணுகருவியைப் பொருத்தி, அதனைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர் கூட்டகத்தார். அந்தச் சிறு கருவியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் அது மீண்டும் வரும்.

கார்ன்வாலில் கைவன்மை மிக்க பொறியாளர் பலர் இருந்தனர். சோனாத்தான் ஆர்ன்புளோவர் என்பவர் 1781இல் ஒரே ஆவியை இரண்டு உருளைகளில் அடுத்தடுத்து உழைக்க வைக்கும் பொறியை அமைத்தார். அழுத்தங் குறைந்த ஆவியில் அதன் முழுப்பயன் விளங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அதனை மேலும் முயன்று பார்ப்பதற்குமே வழி அடைபட்டது. அவர் தம் காப்புரிமையை நீட்டிக்கக் கோரியபோது போல்டனும் வாட்டும் எதிர்த்து நின்று அதனைத் தோற்கடித்தனர். எட்வர்டு புல் என்பவர் துலாவே இல்லாமல் உருளையைச் சுரங்க வாயின் மேலேயே தலைகீழாக நிறுத்தி ஒரு பொறி செய்தார். அதிலும் தனிக் குளிர்கலன் இருந்ததால் 1793இல் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1799இல் கூட்டகத்தார் பக்கமே தீர்ப்பு முடிந்தது.

இதில் ஒரு நகைமுரணையும் காணுங்கள். மேலும் கீழும் ஆடும் இயக்கத்தைச் சுழலும் இயக்கமாக மாற்றுவதற்கு முழங்கைபோல் மடங்கிய அச்சு ஒன்று போதும். அது குயவன் மிதியிலும் சாணைக்கல்லிலும் தொன்று தொட்டு உள்ள எளிய அமைப்பு. ஆனால் நீராவிப் பொறியில் அதனைப் பயன்படுத்துவதற்கு 1780இல் சேம்சு பிக்கர்டு என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். எனவே பிறரைப் பூட்டி வைத்த வாட்டு தாமே பூட்டப்பட்டார்! அந்த மடங்கச்சைத் தொடாமல் சுழற்சியைப் பெறுவதற்காக, ஒரு பல்லுருளியைச் சுற்றி மற்றொரு பல்லுருளி ஞாயிற்றைக் கோள் சுற்றுவதுபோல் சுற்றும் சிக்கலான அமைப்பை அவர் 1781இல் ஆக்க வேண்டியதாயிற்று.

"காப்புரிமை இல்லையேல் போல்டன் தம் பொருளைக் கொட்டியிருப்பாரா? முதல் போட்டவன் பயன்பெற வேண்டாவா?" என்று கேட்பாருண்டு. முறையான கேள்விதான். வாட்டுக்கு முதலில் துணை நின்ற இரோபக்கு என்பவர் பொருளிழந்து நொடித்துப் போனார். பதினான்காண்டுக் காலத்தில் ஐந்தாறு ஆண்டுகள் முயற்சியிலேயே கழிந்துவிட்டன. உழைத்தவன் ஊதியம் பெறுவதை எவரும் மறுக்கவில்லை. கூலி கேட்பது ஒன்று. பிறன் கையைக் கட்டிப்போடுவது மற்றொன்று. உழைப்புக்கு உரிய ஊதியத்தோடு நில்லாமல், பிறர் முயலவும் கூடாது என்று முப்பதாண்டுகளுக்கு மேல் வேலியிட்டதைத்தான் குறை சொல்கிறோம். அன்றியும், அக்கூட்டகம் செய்த பொறிகள் 1800க்குள் ஏறத்தாழ ஐந்நூறு. ஆனால் அந்நூற்றாண்டில் பிரித்தானியத்தில் எழுந்த நீராவிப் பொறிகளோ 2,000க்கும் மேல். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை பழைய நியூகோமென் வகையையும் அதன் வழிவந்தவற்றையும் சேர்ந்தவை. தொழிற்புரட்சியை ஒருவர் தோளிலேயே ஏற்றிச் சொல்வது எவ்வளவு பிழை என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

1800இல் பூட்டுத் திறந்தது. கூட்டகத்தின் ஆட்கள் கார்ன்வாலை விட்டு வெளியேறினர். உடனே எல்லாம் ஓங்கிவிடவில்லை, கண்காணிப்பாரின்றிப் பொறிகள் சீர்கெட்டன, கரிச்செலவு ஏறிற்று. பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, திறந்த அறிவைப் பேணுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதைச் சில ஆண்டுப் பட்டறிவு அவர்களுக்குக் கற்பித்தது. 1811இல் சுரங்கப் பங்காளரும் மேலாளரும் கூடி ஒரு முடிவு செய்தனர். சோயல் இலீன் என்னும் சுரங்கத் தலைவரை அமர்த்தி, ஒவ்வொரு திங்களும் ஒவ்வொரு பொறியும் எவ்வளவு கரியில் எவ்வளவு வேலை செய்தது என்று அளந்து, அச்சிட்டு வெளியிடச் செய்தனர். இலீனின் பொறியறிக்கை என்று அவ்வேட்டுக்குப் பெயர் வழங்கிற்று. அடுத்த ஆண்டே அவர் மறைந்தாலும் அவர் மக்கள் அதனைத் தொடர்ந்தனர். 1904ஆம் ஆண்டுவரை அந்த ஏடு வெளிவந்தது.

அதில் என்ன இருந்தது? கதை இல்லை, பாராட்டுரை இல்லை, விளம்பரம் இல்லை. சுரங்கத்தின் பெயர், உருளையின் அகலம், உந்துதண்டின் வீச்சு நீளம், எக்கியின் ஆழம், அத்திங்களில் பொறி வீசிய எண்ணிக்கை, எரிந்த கரியின் அளவு, பொறியாளரின் பெயர், இறுதியில் பொறியின் வேலைத்திறம். ஒரு புசல் கரியை, அதாவது ஏறத்தாழ 94 பவுண்டுக் கரியை, எரித்து எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயரம் தூக்க முடிந்தது என்பதே அந்த வேலைத்திறம். வீச்சை எண்ணுவதற்கு எந்தக் கருவி பயன்பட்டது? முன்பு கூட்டகத்தார் பங்குத்தொகை தண்டுவதற்காகப் பூட்டி வைத்தார்களே, அதே வகை எண்ணுகருவி! அன்று ஒருவர் பெட்டியை நிரப்ப எண்ணிய கருவி, இன்று ஊரார் அறிவை வளர்க்க எண்ணிற்று. கருவி ஒன்றே; யார் அறிவதற்காக எண்ணுகிறது என்பதே வேறு.

பயனைப் பாருங்கள். நியூகோமெனின் பழைய பொறிகள் ஒரு புசல் கரியில் அரைக்கோடிப் பவுண்டை ஒட்டியே தூக்கின. சான் சுமீட்டன் என்னும் பொறியாளர் 1772இல் அதனைச் சீர்திருத்தி ஒரு கோடியை நெருங்கினார். வாட்டின் பொறி இரண்டு கோடியைத் தாண்டிற்று. ஏடு தொடங்கிய 1811இல் கார்ன்வால் பொறிகளை ஒருசேரக் கணக்கிட்டால் ஒன்றுக்கு இரண்டு கோடிக்கும் குறைவே. 1835இல் போவே கான்சல்சு சுரங்கத்தில் வில்லியம் வெசுட்டு என்பவர் அமைத்த பொறி, பலரறிய நிகழ்ந்த ஆய்வில், பன்னிரண்டரைக் கோடிப் பவுண்டைத் தூக்கிக் காட்டிற்று. 1840களில் எல்லாப் பொறிகளையும் ஒருசேரப் பார்த்தாலும் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு கோடி என்னும் அளவுக்குத் திறம் உயர்ந்திருந்தது. பூட்டியிருந்த காலத்தில் ஏறாத மலையைத் திறந்திருந்த காலத்தில் ஏறிவிட்டனர்!

எவ்வாறு ஏறினர்? ஒரு பெருங்கண்டுபிடிப்பால் அன்று. இரிச்சர்டு திரெவித்திக்கு என்னும் கார்ன்வால்காரர் உயரழுத்த ஆவியைத் துணிந்து கையாண்டார். 1804இல் வேல்சு நாட்டுப் பெனிதாரனில் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் தண்டவாளத்தின்மேல் இழுத்துச் சென்ற முதற் புகைவண்டி அவருடையதே. 1812இல் வீல் பிராசுபர் என்னும் சுரங்கத்தில் அவர் நிறுவிய நீரிறை பொறி, அழுத்தமிக்க ஆவியை வீச்சின் தொடக்கத்தில் மட்டும் உள்ளே விட்டு, பின்னர் அதனைத் தானே விரிய விட்டு வேலை வாங்கிற்று. முன்னர்த் தம் வண்டிக்கும் உயரழுத்தப் பொறிக்கும் 1802இல் காப்புரிமை பெற்றிருந்த அவர், இதற்கு அதனைக் கோரவில்லை. மற்றவர் அதனைப் பார்த்தனர். ஒருவர் கொதிகலனைச் சீர்செய்தார். ஒருவர் ஆவிக்குழாயைச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் பொதிந்தார். ஒருவர் ஆவியை நிறுத்தும் நேரத்தைச் சிறிது மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்தின் பயனும் அடுத்த திங்கள் ஏட்டில் எண்ணாக வந்தது. நல்லது நிலைத்தது, அல்லது உதிர்ந்தது.

"அறிவைத் திறந்து வைத்தவன் என்ன பெற்றான்?" என்றால், நல்ல எண்ணுடைய பொறியாளர்க்குப் பெயரும் வேலையும் வந்தன. ஆயினும் திரெவித்திக்கு 1833இல் பொருளற்றவராகவே மறைந்தார். உடன் உழைத்த தொழிலாளரே பொருள் திரட்டி அவரை அடக்கஞ் செய்தனர். கல்லறையில் பெயரும் பொறிக்கப்படவில்லை. அறிவைத் திறப்பவனைக் காப்பது குமுகாயத்தின் கடன். அக்கடனில் அவர்கள் தவறினர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆவியின் பயனும் அவ்வாறே பூட்டப்பட்டது. ஆற்றங்கரையில் நீருருளியைச் சார்ந்திருந்த ஆலைகளை நகருக்குள் கொணர்ந்தது நீராவி. மான்செசுட்டரில் புகைபோக்கிகள் எழுந்தன; 1830இல் இலிவர்பூலுக்கும் மான்செசுட்டருக்கும் இடையே புகைவண்டி ஓடிற்று; நூலும் துணியும் மலைபோல் குவிந்தன. அந்த ஆலைக்குள் நின்றவர் யார்? சிறு பிள்ளைகள். ஒன்பது அகவைக்குக் கீழ்ப்பட்டவரை நெசவாலையில் அமர்த்தலாகாது என்று தடுப்பதற்கு 1833இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பெண்களையும் பத்து அகவை நிரம்பாச் சிறுவரையும் சுரங்கத்துள் இறக்கலாகாது என்று சொல்வதற்கு 1842இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. பொறி தானாக எவரையும் விடுதலை செய்வதில்லை. அதன் அறிவும் பயனும் யார் கையில் என்பதே கேள்வி. கேள்வி கேட்கத் தெரிந்த தொழிலாளியே அப்பயனில் பங்கு கேட்கவும் துணிவான்.

தமிழன்பர்களே! இலீனின் ஏடு ஏன் வென்றது என்று எண்ணிப் பாருங்கள். அது எண்களால் ஆனது என்பது ஒரு கரணியம். அந்த எண்களுக்குப் பொருள் சொன்ன சொற்கள் பொறியடியில் நின்றவன் பேசிய சொற்களாகவே இருந்தன என்பது மற்றொன்று. நியூட்டன் 1687இல் தம் பெருநூலை இலத்தீனில் எழுதினார். கற்றோர் மட்டுமே அதனைத் தொட முடிந்தது. 1704இல் ஒளியைப் பற்றிய நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூற்றாண்டு முழுவதும் அறிவு இலத்தீன் மாடியிலிருந்து மக்கள் மொழித் தெருவுக்கு இறங்கிவந்து கொண்டிருந்தது. சுரங்கப் பொறிக்கு நெருப்பிடுபவரின் மகனாகப் பிறந்து, பதினெட்டு அகவைவரை எழுத்தறியாதிருந்த சார்சு சிடீவன்சன், இரவுப் பள்ளியில் தம் சொந்த மொழியில் எழுத்துக் கூட்டிப் படித்தே புகைவண்டிப் பொறியாளராக உயர்ந்தார். இலத்தீன் கற்றுவா, பிறகு பொறியைத் தொடு என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? உலகம் ஒரு சிடீவன்சனை இழந்திருக்கும். இழந்தது என்பதும் உலகுக்குத் தெரிந்திராது.

இங்கே நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றும் உண்டு. கார்ன்வாலுக்கு என்று ஒரு தாய்மொழி இருந்தது. ஆங்கிலத்துக்கும் மூத்த குடிமொழி அது. தாய்மொழியாக அதனைப் பேசிய கடைசி மாந்தர் என்று பரவலாகச் சொல்லப்படும் தாலி பெந்திரீத்து என்னும் மூதாட்டி 1777இல் மறைந்தார்; வாட்டின் பொறி கார்ன்வாலுக்குள் நுழைந்த அதே ஆண்டு. பொறி அம்மொழியைக் கொல்லவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பே கோவிலிலும் முறைமன்றிலும் வாணிகத்திலும் அது இடமிழந்து விட்டது. வீல் பிராசுபர் என்றேனே, அந்த 'வீல்' என்பது சுரங்கத்தைக் குறிக்கும் கார்ன்வால் மொழிச் சொல். இலீனின் ஏட்டில் சுரங்கப் பெயர்கள் பலவற்றில் அச்சொல் நின்றது; அதனைத் தாய்ப்பாலோடு கற்ற நாக்குகள் மட்டும் இல்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டில் அம்மொழியை மீட்டெடுக்க அன்பர்கள் தோன்றினர். ஆயினும் தொழிலையும் அறிவையும் ஏற்க மறந்த மொழி, பெயர்ப்பலகையில் மட்டுமே எஞ்சும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசாப்பேட்டையை நோக்கி நீராவி வண்டி புறப்பட்டபோது, அப்பொறி நமக்கு வெளியிலிருந்து வந்தது. ஆயினும் நம் மக்கள் அதற்குப் புகைவண்டி என்று பெயரிட்டுத் தமதாக்கிக் கொண்டனர். ஆவி, கொதிகலன், உருளை, உந்துதண்டு, துலா, எக்கி: இக்கட்டுரையில் பொறியின் உறுப்புகளைச் சொல்ல எனக்குத் தமிழ் குறைவுபடவில்லை. குறைவு சொல்லில் இல்லை. அறிவைத் திறந்து வைக்கும் மனத்தில்தான் உள்ளது. வாட்டின் பூட்டுக்காவது 1800 என்று ஒரு முடிவாண்டு இருந்தது. அயன்மொழி என்னும் பூட்டுக்கு எந்த முடிவாண்டும் இல்லை. நாமே உடைத்தால்தான் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இது. வெற்றுப் பெருமிதம் வேண்டா. நம் ஊரில் பட்டறை உண்டு, தறிக்கூடம் உண்டு, எக்கி பழுதுபார்ப்பவர் உண்டு, உழவர் உண்டு. இந்த எக்கி எத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு மின்செலவில் எவ்வளவு நீர் தந்தது, இந்த விதை எந்த மண்ணில் எவ்வளவு விளைந்தது என்று திங்கள்தோறும் அளந்து, உழைப்பவன் படிக்கும் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தெருவில் ஒட்டுவோர் எத்தனை பேர்? இன்று கணிப்பொறி நிரல்களைத் திறந்து வைத்துப் பலர் கூடி வளர்ப்பதைப் புதுமை என்கிறோம். 1811லேயே சுரங்கத்துக்காரர் ஒரு தாளும் சில எண்களுமாக அதனைச் செய்து காட்டினர். நம்மால் ஏன் இயலாது?

ஆசிரியத் தோழர்க்கும் ஒரு சொல். கெண்டிக் கதையை விடுங்கள். நியூகோமெனையும் வில்கின்சனையும் இலீனையும் சொல்லுங்கள். பேரறிஞன் ஒருவன் பிறந்தால்தான் விடிவு என்று கேட்டு வளரும் பிள்ளை, அந்த அறிஞனுக்காகக் காத்தே கிடப்பான். பல கைகள் கூடியே பொறி பிறந்தது என்று கேட்டு வளரும் பிள்ளையோ, தன் கையைப் பார்ப்பான்.

அந்தக் கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த கிழமையே விடை சொன்னேன். "அப்படியானால் எங்கள் அப்பா பேரும் நூலில் வரலாமா ஐயா?" என்று கேட்டான். வரும், தம்பி, நீ எழுதினால் வரும், உன் தமிழில் எழுதினால் உன் தெருவே படிக்கும் என்றேன்.